மரப்பட்டறையில் உலோக வேலை: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: பல ஆண்டுகளாகச் சிறிய மரவேலைப் பட்டறை நடத்துகிறேன். டேபிள் ரம்பம், இழைப்பு மெஷின், பேண்ட் ஸா, மரக் கடைசல் மெஷின், சின்னதாக ஒரு சிஎன்சி ரூட்டர் (கணினி வழி வெட்டும் மெஷின்) இருக்கின்றன. என்னோடு இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். இப்போது வாடிக்கையாளர்கள் பித்தளைக் குமிழ், இரும்பு பிராக்கெட், அலுமினியத் தகட்டு வேலை, புஷ் (தண்டு உட்காரும் உலோகக் குழல்) என்றெல்லாம் கேட்கிறார்கள். வெளியே கொடுத்தால் நாள் இழுக்கிறது. பழைய உலோக லேத் (கடைசல் மெஷின்) ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கி இதே ஷெட்டில் ஒரு மூலையில் போட்டுத் தொடங்கலாமா? ரூட்டரிலேயே இரும்பும் வெட்ட முடியுமா? கொஞ்சம் கொஞ்சமாக மரவேலையை விட்டுவிட்டு முழுக்க உலோகத்துக்கு மாறுவது நல்லதா?

பதில்: கேட்டவற்றுக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரும். லேத் வாங்கலாம்; ஆனால் மரம் அறுக்கும் அதே ஷெட்டின் மூலையில் போடாதீர்கள். ரூட்டரில் அலுமினியமும் பித்தளையும் வெட்டலாம், இரும்பு வேண்டாம். மரவேலையை விடாதீர்கள், உலோகத்துக்கான முதல் ஆர்டர்களே அதன் வழியாகத்தான் உங்களுக்கு வந்திருக்கின்றன. செலவு செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் தடுப்புச் சுவர், அடுத்து அளவுக் கருவிகள், மூன்றாவதாகத்தான் மெஷின். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, மெஷின் வந்த பிறகு இடமும் கருவியும் தேடுகிறார்கள்.

சுவரை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மரத்தூளும் தீப்பொறியும் தடுப்பில்லாமல் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. கிரைண்டரில் இருந்து கிளம்பும் பொறி சில மீட்டர் தூரம் பறக்கும். தரையில் விழுந்து அணைந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் இழைப்பு மெஷினுக்கு அடியில் குவிந்த தூளில் ஒன்று போய் விழுந்தால் உடனே தீ எரியாது. உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். புகைகூடப் பெரிதாக வராது. பட்டறையைப் பூட்டிக்கொண்டு போன பிறகு, நள்ளிரவில் அது மேலே வந்து பற்றும். மரப்பட்டறைத் தீ விபத்துகளில் அஞ்ச வேண்டியது இந்தத் தாமதத்தைத்தான், ஏனென்றால் அணைக்க அங்கே ஆள் இருக்காது.

இதைவிட மோசமானது தூசி உறிஞ்சும் மெஷின். அதன் பையில் இருப்பது நைசான மரத்தூள், அதோடு வேண்டிய அளவு காற்று. குழாய் வழியாக ஒரு பொறி உள்ளே போனால், விசிறி ஊதி ஊதி அதைப் பெரிதாக்கும். காற்றில் மிதக்கும் மரத்தூள் ஓர் அளவுக்கு மேல் அடர்த்தியாக இருந்தால் அது வெடிக்கவே செய்யும். ஆகவே உலோகம் தீட்டும் கிரைண்டரையோ, இரும்பு தேய்க்கும் பெல்ட் சாண்டரையோ உங்கள் மரத்தூள் உறிஞ்சியோடு ஒருபோதும் இணைக்காதீர்கள். ‘இன்றைக்கு ஒரு பிராக்கெட் மட்டும்தான்’ என்றாலும் வேண்டாம். உத்தரத்தின் மேலும், விளக்குச் சட்டங்களின் மேலும் படிந்திருக்கும் தூளையும் மறக்காதீர்கள். கீழே பெருக்குகிற நமக்கு மேலே இருப்பது கண்ணில் படுவதில்லை.

உலோகத்துக்குள்ளேயே இன்னொரு எச்சரிக்கை உண்டு. அலுமினியத்தையும் இரும்பையும் ஒரே கிரைண்டரில் மாறி மாறித் தீட்டாதீர்கள். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்து கிடக்கும் இடத்தில் சூடான பொறி விழுந்தால் மிகக் கடுமையான வெப்பத்தோடு எரியும். ரயில் தண்டவாளத்தை இணைக்கப் பயன்படுத்தும் தெர்மைட் கலவையே இவை இரண்டும் சேர்ந்ததுதான். சாதாரண கிரைண்டிங் கல்லில் அலுமினியத்தைத் தீட்டினால் கல்லின் துளைகள் அடைத்து, சூடேறி, கல்லே உடைந்து பறக்கவும் கூடும். மக்னீசியக் கலவை என்று யாராவது வேலை கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது எரியத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதற்கென்றே தனித் தீயணைப்புப் பொடி வேண்டும்.

தீ ஒரு பக்கம். தூசி மெஷினுக்குச் செய்யும் கேடு இன்னொரு பக்கம். மரத்தூள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். லேத் பெட்டின் (அடிச்சட்டத்தின்) மேல் நீங்கள் பூசிய எண்ணெயில் அது ஒட்டிக் களிம்பாகும். சில நாள் கழித்துத் துடைத்தால் அடியில் துருப் புள்ளிகள் இருக்கும். எதிர்ப்பக்கமும் பாதிப்பு உண்டு. ஓக் போன்று டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த மரத்தின் மேல் இரும்புத் தூள் விழுந்து, பிறகு ஈரம் பட்டால் கருநீலக் கறை பிடிக்கும். பாலிஷ் போட்ட பிறகுதான் அது தெரியவரும். எண்ணெய்க் கையோடு தொட்ட இடத்தில் பசை பிடிக்காது.

தனி அறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் தரையிலிருந்து கூரை வரை இடைவெளி இல்லாமல் தீப்பிடிக்காத பலகையில் ஒரு தடுப்பும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் போடுங்கள். துடைப்பம், வேக்யூம், குப்பைத்தொட்டி, மேலங்கி எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி. வெல்டிங் செய்வதாக இருந்தால் ஷெட்டுக்கு வெளியே செய்யுங்கள், முடித்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரமாவது ஓர் ஆள் அங்கே இருக்கட்டும். ஆளி விதை எண்ணெய் பூசிய துணிகளை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் என்று நம்புகிறேன். அது சுருட்டிவைத்தால் தானாகவே சூடேறிப் பற்றும் பொருள்.

சரி, இடம் தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் வருவது வேகம். மரவேலையில் வளர்ந்தவருக்கு உலோகத்தில் முதலில் உறுத்துவது இதுதான். 250 மி.மீ. விட்டமுள்ள ரம்பத் தகடு நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றினால் அதன் பல்முனை நிமிடத்துக்கு 3,100 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. சாதாரண இரும்பை ஹைஸ்பீடு ஸ்டீல் (வெட்டுக் கருவிக்கான எஃகு) டூலால் வெட்ட ஏற்ற வேகமோ நிமிடத்துக்கு 30 மீட்டர் அளவுதான். நூறில் ஒரு பங்கு! அதற்கு மேல் போனால் டூல்முனை சூடேறி மழுங்கிவிடும். அதைவிடக் கடினமான கார்பைடு டூல் இருந்தால் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு போகலாம். அலுமினியத்தில் இன்னும் கூடுதலாகப் போகலாம்.

சுற்று எவ்வளவு என்று கணக்குப் போடுவது எளிது. மீட்டரில் உள்ள வெட்டும் வேகத்தை 1,000-ஆல் பெருக்கி, அதை மி.மீ.-இல் உள்ள விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 25 மி.மீ. இரும்புக் கம்பியை 30 மீட்டர் வேகத்தில் கடைவதென்றால் 380 சுற்று வரும். 10 மி.மீ. டிரில் பிட்டை நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் 800 சுற்று. பட்டறையில் டிரில்லிங் மெஷின் இருந்தால் அதன் மிகக் குறைந்த வேகம் எவ்வளவு என்று இன்றே பார்த்துவிடுங்கள். மரத்துக்காக வாங்கிய பல மெஷின்கள் 500, 600-க்குக் கீழே இறங்குவதில்லை. அதில் 20 மி.மீ. துளையை இரும்பில் போட்டால் பிட் கருகிவிடும். பேண்ட் ஸாவுக்கும் இதே கதைதான்: மரத்துக்கான பேண்ட் ஸா நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டர் சுமாரில் ஓடும். பல்லை மட்டும் மாற்றி அதில் இரும்பு அறுக்க முடியாது.

ரூட்டரைப் பற்றிக் கேட்டீர்கள். 6 மி.மீ. கார்பைடு கட்டரை 18,000 சுற்றில் ஓட்டினால் வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 340 மீட்டர் வரும். அலுமினியத்துக்கு அது சரியே. ஒற்றைப் பல் கட்டர் போடுங்கள், ஒரு முறைக்கு 0.3 முதல் 0.5 மி.மீ. ஆழம் மட்டும் எடுங்கள், சுருள்களைக் காற்றடித்து வெட்டுப் பாதையிலிருந்து அகற்றிக்கொண்டே இருங்கள். அவை மறுபடி பல்லில் சிக்கினால் அலுமினியம் உருகிக் கட்டரிலேயே அப்பிக்கொள்ளும், அடுத்த நொடியில் கட்டர் ஒடியும். ஃபீடை, அதாவது கட்டர் முன்னேறும் வேகத்தை, குறைத்துப் பயந்து பயந்து ஓட்டினாலும் அதேதான் நடக்கும். ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. என்று வைத்தால் 18,000 சுற்றுக்கு நிமிடத்துக்கு 900 மி.மீ. ஓட வேண்டும். காற்றடிக்கும்போது கண்ணாடி கட்டாயம், கட்டரைச் சுற்றி மறைப்பும் வேண்டும்.

இரும்பு ஏன் முடியாது என்றால், இரண்டு காரணங்கள். அதே கட்டரை இரும்புக்கு ஏற்ற வேகத்தில் ஓட்ட 4,000 சுற்று அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேகத்தில் கட்டரைச் சுழற்றும் ரூட்டர் ஸ்பிண்டிலுக்குப் போதிய முறுக்குவிசை இருக்காது. அடுத்தது விறைப்பு. லேத்தில் 2 மி.மீ. ஆழமும் ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீடும் வைத்து இரும்பைக் கடைந்தால், டூல்முனையில் ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். மரத்துக்கென்று கட்டிய மெல்லிய சட்டம் அதில் வளையும், நடுங்கும். உலோக மெஷின்கள் ஏன் அவ்வளவு கனமான வார்ப்பிரும்பில் செய்யப்படுகின்றன என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

உங்கள் கைப்பழக்கத்தில் ஒன்றை நீங்கள் முழுசாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். மரத்தில் சத்தம் மாறினால், கருகும் வாசம் வந்தால், கையைத் தளர்த்துவீர்கள். கட்டைக்கு மதிப்புக் கொடுத்து மெதுவாகப் போவீர்கள். உலோகத்தில் அப்படித் தயங்கினால் டூல் வெட்டாது, தேய்க்கும். தேய்ப்பு சூட்டைக் கிளப்பும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இது மிகவும் ஆபத்து: தேய்பட்ட மேல்தோல் இறுகிக் கடினமாகிவிடும், அடுத்த முறை டூல் அதில் நுழையவே நுழையாது. டிரில் போடும்போது அழுத்துவதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றாலே போதும், அந்தத் துளை வீண். எனவே வேகத்தைக் குறையுங்கள், ஃபீடைக் குறைக்காதீர்கள். பழக ஸ்டெயின்லெஸை எடுக்கவே வேண்டாம். அதை முதல் ஆண்டில் வெளியே அனுப்புங்கள்.

முதல் பயிற்சிக்கு 25 மி.மீ. மைல்டு ஸ்டீல் கம்பி ஒன்றை எடுங்கள். சக்கில் (கம்பியைக் கவ்விச் சுழலும் பிடியில்) இரண்டு விரல் நீளம் மட்டும் வெளியே நீட்டிப் பிடியுங்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலின் முனையை நடுமையத்தின் உயரத்துக்குச் சரியாக வையுங்கள். முகத்தைச் சீவும்போது நடுவில் சின்னக் குமிழ் மிஞ்சினால் டூல் உயரம் சரியில்லை என்று அர்த்தம். பிறகு 380 சுற்றில், 1 மி.மீ. ஆழத்தில் ஓட்டிவிட்டுக் கிளம்பும் சுருளைப் பாருங்கள். வெள்ளி நிறத்திலோ, லேசான வைக்கோல் நிறத்திலோ வந்தால் நல்லது. நீல நிறத்தில் வந்தால் ஹைஸ்பீடு ஸ்டீல் டூலின் முனை செத்துக்கொண்டிருக்கிறது, வேகத்தைக் குறையுங்கள். கார்பைடில் நீலம் வருவது பரவாயில்லை, அங்கே சூடு சுருளோடு வெளியேறுகிறது. எச்சரிக்கை ஒன்று: சுருள் நீளமாக நாடா மாதிரி வரும். அதன் விளிம்பு சவரக் கத்திக்கு ஒப்பானது. அது ஓடும் ஜாபில் (கடையும் துண்டில்) சுற்றிக்கொண்டிருக்கும்போது கையால் இழுத்தால் விரலோடு போய்விடும். கொக்கிக் கம்பியும் தூரிகையும் வைத்துக்கொள்ளுங்கள், மெஷினை நிறுத்திவிட்டு எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு சுற்றும் மெஷினில் வேலை செய்யக் கூடாது. சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டுக் கை எடுக்கக் கூடாது, ஒரு நொடிக்குக்கூட.

பித்தளைக் குமிழைத்தான் உங்களுக்கு முதல் வேலையாகச் சொல்வேன். கடைசல் கை உள்ளவருக்கு அது இயல்பாக வரும். கூலண்டே (குளிர்விக்கும் திரவம்) வேண்டாம், உலர்வாகவே கடையலாம். ஒரே விஷயம், பித்தளை டூலை உள்ளே இழுக்கும். மேல்சாய்வு இல்லாத, தட்டையான மேல்முகம் உள்ள டூல் போடுங்கள். டிரில் பிட்டின் வெட்டு விளிம்பையும் எண்ணெய்க் கல்லால் லேசாகத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது திருகு மாதிரி பித்தளைக்குள் ஏறிவிடும். அதன் பிறகு அலுமினிய வேலை, அப்புறம் இரும்புப் புஷ்.

அளவு பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மரவேலைக்கும் உலோகத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அங்கேதான். நீங்கள் ஓர் இணைப்புச் செய்யும்போது துளைக்கு ஏற்பக் கழுந்தை (துளையில் செருகும் முனையை) சீவுகிறீர்கள். பொருத்திப் பார்க்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் சீவுகிறீர்கள். அந்தக் கழுந்து அந்தத் துளைக்கு மட்டும்தான். உலோக வேலையில் இன்றைக்கு நீங்கள் கடைந்த புஷ், நீங்கள் கண்ணால் பார்த்தே இராத ஒரு தண்டில் போய் உட்கார வேண்டும். பொருத்திப் பார்க்கும் வாய்ப்பே இல்லை, எண் மட்டும்தான் இருக்கிறது. உதாரணமாக 25 மி.மீ. துளைக்கு எச்7 என்ற பொருத்தக் குறியீட்டை வரைபடத்தில் போட்டிருந்தால் துளை 25.000-க்கும் 25.021-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதில் சுழலும் தண்டு ஜி6 என்றால் 24.980-க்கும் 24.993-க்கும் நடுவில். கூர்மையாகச் சீவிய பென்சில் கோட்டின் தடிமன் 0.3 மி.மீ. சுமார் இருக்கும். இந்தத் துளையின் முழு அனுமதியை (அளவு மாறலாம் என்று விடும் எல்லையை) போலப் பத்து மடங்குக்கும் மேல் அந்தக் கோடு மட்டுமே தடிமன்!

மைக்ரோமீட்டர் இரண்டு (0–25, 25–50), நல்ல வெர்னியர் ஒன்று, காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டுவது), ஒரு உறுதியான மூலைமட்டம். இவை மெஷினுக்கு முன்பே வாங்க வேண்டியவை. மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது, ராட்சட்டை (முனைத் திருகை) எவ்வளவு திருப்புவது என்பதைக் கை பழகச் சில வாரம் ஆகும். பட்டறையில் கிடக்கும் போல்ட்டுகளையும் டிரில் பிட்களையும் தினமும் அளந்து எழுதுங்கள். அடுத்த நாள் அதே துண்டுகளை எழுதியதைப் பார்க்காமல் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டு நாள் அளவும் 0.01-க்குள் ஒத்துவர ஆரம்பித்தால் உங்கள் கை தயார்.

அளக்கும்போது சூட்டையும் நினைவில் வையுங்கள். மரம் ஈரத்தால் அளவு மாறும், உலோகம் வெப்பத்தால் மாறும். 100 மி.மீ. நீளமுள்ள அலுமினியத் துண்டு வெட்டும்போது 30 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.07 மி.மீ. நீண்டுவிடும். சூடாக அளந்து சரியென்று எடுத்துவைத்தால் ஆறிய பிறகு குறைந்திருக்கும். இரும்பு அதில் பாதி அளவு நீளும். எல்லா வரைபட அளவுகளும் 20 டிகிரி செல்சியஸில் இருப்பதாகவே உலகெங்கும் கணக்கு. கடைசிச் சீவலுக்கு முன் ஜாபை ஆறவிடுங்கள், இதில் அவசரம் கூடாது.

ஆனால் எல்லா வேலைக்கும் இவ்வளவு நெருக்கமான அளவு தேவையில்லை. மேசைக்கால் பிராக்கெட்டுக்கு எச்7 கேட்டு யாரும் வரைய மாட்டார்கள். அளவு போட்டு அனுமதி குறிப்பிடாத வரைபடங்களில், பொதுவாக ஐஎஸ்ஓ 2768 என்ற சர்வதேசத் தரநிலையின் நடுத்தர வகுப்பைப் பின்பற்றுவார்கள். அதில் 30 முதல் 120 மி.மீ. வரையிலான அளவுக்கு 0.3 மி.மீ. கூடுதல் குறைவு அனுமதி. அது உங்களுக்குப் பழக்கமான எல்லைதான். எந்த அளவு நெருக்கமாக வேண்டும், எது தளர்வாக இருக்கலாம் என்று வாடிக்கையாளரிடம் வேலையை எடுக்கும் முன்பே கேளுங்கள். வாய்வழியாக வரும் ஆர்டரை நீங்களே ஒரு தாளில் வரைந்து, அளவு எழுதி, அவர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மரவேலையை விடலாமா என்ற கேள்வி. இங்கே என் கருத்து உறுதியானது: விடாதீர்கள். உலோகத்தில் மட்டும் இறங்கினால், பல ஆண்டுகளாக அதையே செய்துவரும் பட்டறைகளோடு விலைக்குப் போட்டி போட வேண்டியிருக்கும். மரமும் உலோகமும் சேர்ந்த வேலை செய்பவர்கள் குறைவு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் உங்களுடையது. மரவேலை மெஷின்களுக்கே உதிரிபாகங்கள் தேவைப்படுகின்றன: தேய்ந்த புஷ், ரம்பத்தின் வேலி (மரத்தை ஒட்டித் தள்ளும் சட்டம்) நகரும் தண்டு, ரூட்டர் டெம்ப்ளேட் தகடு, ஜிக்குக்கான (துண்டைப் பிடித்து வழிகாட்டும் அமைப்புக்கான) அலுமினியப் பலகை, துளை வழிகாட்டிக் குழல். உங்கள் பட்டறையிலேயே ஒரு வருடத்துக்கு இந்த வேலை இருக்கும். உங்களைப் போன்ற மற்ற மரப்பட்டறைகளும் இதையே தேடிக்கொண்டிருக்கும். அவர்களின் மெஷினை உங்களுக்குத் தெரியும். உலோகம் மட்டும் தெரிந்த ஒருவருக்கு அந்த பாகம் எங்கே தேய்கிறது, ஏன் தேய்கிறது என்பது தெரியாது.

இன்னும் ஒரு துறை இருக்கிறது, அதை நான் மிகவும் பரிந்துரைப்பேன். வார்ப்படச் சாலைகளுக்கு மரத்தில் பேட்டர்ன் (மணல் அச்சு எடுக்கும் மாதிரி வடிவம்) செய்து கொடுப்பது. உருக்கிய உலோகம் அச்சில் ஊற்றப்பட்டு உறையும்போது சுருங்கும். ஆகவே பேட்டர்னைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும்: சாம்பல்நிற வார்ப்பிரும்புக்கு ஏறத்தாழ 1 சதவீதம், அலுமினியத்துக்கு 1.3 சதவீதம், எஃகுக்கு 2 சதவீதம். மணலில் இருந்து பேட்டர்னை உயர்த்தி எடுக்க வசதியாகப் பக்கங்களில் ஒன்றிரண்டு டிகிரி சாய்வு. பிறகு கடைந்து சீவப்போகும் முகங்களில் சில மில்லிமீட்டர் கூடுதல் சதை. இவை மூன்றும் தெரிந்து, கூர்மையான உளியும் பொறுமையும் உள்ளவர்கள் எங்கும் குறைந்துவருகிறார்கள். நீங்கள் பேட்டர்ன் செய்தீர்கள் என்றால், அந்த வார்ப்பு திரும்பி வரும்போது அதைக் கடைந்து முடிக்கும் வேலையும் இயல்பாக உங்களிடமே வரும். எங்கே சதை விட்டிருக்கிறீர்கள், எந்த முகத்தைப் பிடித்து எதைச் சீவ வேண்டும் என்பது உங்களுக்குத்தானே தெரியும்?

வரலாற்றிலும் இந்த இரண்டு தொழிலும் தனித்தனியாக வளரவில்லை. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே, டூலைக் கையில் பிடிப்பதற்குப் பதில் இரும்புச் சறுக்கின் மேல் பொருத்தித் திருகு கடையும் லேத்தைச் செம்மைப்படுத்தினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே போர்ட்ஸ்மவுத் கப்பல் துறைக்காக அவர் கட்டிக்கொடுத்த வரிசையான மெஷின்கள் செய்தது என்ன தெரியுமா? பாய்மரக் கப்பல்களுக்கான மரக் கப்பிகள்! மார்க் பிரூனல் வடிவமைத்த அந்த மெஷின்கள், பெருவாரியாகப் பொருள் செய்யும் முறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுகின்றன.

உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் திறமையையும் குறைவாக எண்ணாதீர்கள். ஒரு பலகையில் முதலில் ஒரு முகத்தை இழைத்து மட்டமாக்குகிறீர்கள். அதை வைத்து அடுத்த பக்கத்தை மூலைமட்டத்துக்குக் கொண்டுவருகிறீர்கள். மற்ற எல்லா அளவையும் இந்த இரண்டில் இருந்துதான் எடுக்கிறீர்கள். சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் மில்லிங்கில் செய்வதும் இதையேதான், அங்கே அதற்கு டேட்டம் என்று பெயர். வேலையின் வரிசையை முன்கூட்டி யோசிப்பது, ஜிக் செய்வது, கூர்மையை உணர்வது எல்லாம் அப்படியே கைகொடுக்கும்.

மெஷின் வரிசையில் ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன். எல்லோரும் லேத்தையும் மில்லிங்கையும் பேசுவார்கள். கம்பியையும் பட்டையையும் நேராக வெட்டித் தரும் படுக்கை வகை உலோக பேண்ட் ஸாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் தினமும் ஓடப்போகும் மெஷின். பொறி பறக்காது, வெட்டுமுகம் நேராக வரும், ஓடவிட்டுவிட்டுப் பக்கத்திலேயே அடுத்த வேலையைப் பார்க்கலாம். இரும்பு வெட்ட வட்டக் கல் போட்ட சாப் ஸாவைத் தவிர்க்கச் சொல்வதற்கு மேலே சொன்ன பொறியே போதுமான காரணம். லேத்தோடு இதுவும், மெதுவான வேகமுள்ள டிரில்லிங் மெஷினும் இருந்தால் முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். டிரில்லிங் மெஷினில் எண்ட் மில் (மில்லிங் கட்டர்) போட்டுப் பக்கவாட்டில் வெட்ட முயலாதீர்கள். அந்த சக் டேப்பரில் (கூம்பு வடிவப் பிடிப்பில்) உட்கார்ந்திருப்பது மேலிருந்து கீழே அழுத்துவதற்காக மட்டும்தான். பக்கவிசை வந்தால் சுற்றிக்கொண்டே கழன்று விழும். மில்லிங் வேலை நிஜமாகவே சேர்ந்த பிறகு அதற்கான மெஷினை வாங்குங்கள். பணத்தைத் திட்டமிடும்போது, சக், வைஸ், கிளாம்ப், டிரில், டேப் (துளைக்குள் மரை வெட்டுவது), டூல் ஹோல்டர் எல்லாம் சேர்ந்து மெஷின் விலையையே தொட்டுவிடக் கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கூலண்ட் தொட்டியெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். தூரிகையால் தொட்டுவைக்கும் கட்டிங் ஆயில் கையால் இயக்கும் லேத்துக்குப் போதும். உங்கள் இரண்டு பேரில் ஒருவரை, விருப்பமும் நிதானமும் உள்ளவரை, ஒரு மெஷின் ஷாப்பில் சில மாதம் பழக அனுப்ப முடிந்தால் அதைவிட நல்ல செலவு வேறில்லை. இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள். கை எந்த மெஷினில் நிற்கிறது என்பது குழம்பும் இடத்தில்தான் விபத்து நடக்கும். மறுக்க வேண்டிய வேலைகளும் உண்டு. எடை தூக்கும் கொக்கி, வண்டியின் பிரேக், ஸ்டியரிங் பாகம், அழுத்தம் தாங்கும் பாத்திரம் போன்றவற்றை எவ்வளவு பழகியவர் கேட்டாலும் செய்து கொடுக்காதீர்கள். உடைந்தால் ஆள் உயிர் போகும் பொருளுக்கு உலோகத்தின் தரச் சான்றும் சோதனையும் வேண்டும்.

விலை சொல்லும்போது மரக்கணக்கு உதவாது. மரத்தில் பொருள் செலவு பெரிது. உலோகத்தில் ஐந்து பிராக்கெட் செய்ய ஆகும் நேரத்தில் பெரும்பகுதி செட்டிங்குக்கும் அளப்பதற்கும் போகும், வெட்டுவது கொஞ்ச நேரம்தான். செட்டிங் நேரத்தைத் தனியாக எழுதி விலையில் சேருங்கள்.

கடைசியாக, விலைக்கு வரும் அந்த லேத். பார்க்கப் போகும்போது டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் எடுத்துப்போங்கள். சாடிலை (டூலைத் தாங்கிப் பெட்டின் மேல் நகரும் பாகத்தை) சக்குக்கு அருகில் கொண்டுவந்து, அதன் லாக்கை லேசாக உரசும் அளவுக்கு இறுக்குங்கள். அப்படியே டெய்ல் ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையில் ஜாபைத் தாங்கும் பாகம்) பக்கமாக நகர்த்துங்கள். போகப் போக இறுக்கம் கூடினால் சக் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது. பழைய லேத்தில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், நகரவே மறுத்து நின்றுவிட்டால் யோசியுங்கள். டயலை சக்கின் மேல் வைத்து, அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து மெல்ல நெம்புங்கள். முள் 0.02, 0.03-க்கு மேல் அசைந்தால் ஸ்பிண்டில் பேரிங் தளர்ந்திருக்கிறது, சரிசெய்யும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். சக்கின் தாடைகள் முன்பக்கம் விரிந்து தேய்ந்திருக்கின்றனவா என்று ஒரு நேரான கம்பியைப் பிடித்துப் பாருங்கள். எல்லா கியரிலும் ஓடவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள், மரை வெட்டும் மாற்றுக் கியர்கள் முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். கால் மணி நேரம் ஓடிய பிறகு ஹெட் ஸ்டாக்கை (ஸ்பிண்டிலும் கியரும் உள்ள பெட்டியை) தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை. பிறகு 25 மி.மீ. கம்பி ஒன்றை 100 மி.மீ. நீட்டிப் பிடித்து, டெய்ல் ஸ்டாக் இல்லாமல் லேசாக ஒரு சீவல் ஓட்டச் சொல்லி, இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் அளந்துவிடுங்கள். வித்தியாசம் 0.02-க்குள் இருந்தால் உங்கள் தரையில் சரியாக மட்டம் பார்த்து வைத்ததும் இன்னும் குறையும். மூன்று ஃபேஸ் மோட்டாரா என்பதையும், உங்கள் இணைப்பு அதற்குப் போதுமா என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மெஷினை ஓட்டிக் காட்ட விற்பவர் மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.